மூன்று கோட்டுக் கழுத்து

என் கழுத்தில் ஒரு கோடு கூட இல்லை. வழவழவென்று, நெட்டையாக, பனங்கள் குடுவையின் கழுத்து மாதிரி இருக்கும். எங்கள் குமாசி நகரத்தில் இது ஒரு குறை. கழுத்தில் மடிப்பு மடிப்பாக மூன்று கோடு விழுந்திருந்தால்தான் பெண் லட்சணம். அது நன்றாகச் சாப்பிட்ட வீட்டுப் பெண் என்பதற்கு அத்தாட்சி. சந்தையில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு எடுத்தால், முகத்துக்கு வருவதற்கு முன்பே கழுத்தை எண்ணிவிடுவார்கள்.

இருபத்து மூன்று வயது வரை நான் இதற்காகக் கவலைப்பட்டதில்லை. இயற்பியல் படித்தேன். அதில் கழுத்துக்கு மதிப்பெண் கிடையாது. பட்டம் வாங்கிய மறுவாரம்தான் கழுத்து ஒரு விவகாரமாக எழுந்து நின்றது. காரணம் ஓர் ஆணி.

அம்மாவின் பெயர் சபோமா; அவள் அண்ணன் அடுசே மாமா. அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதினோரு படங்கள் தொங்குகின்றன. பதினொன்றும் ஆண்கள். கோக்கோ மூட்டை எடை போட்ட குமாஸ்தா, உபதேசியார், போலீசில் சேர்ந்து முன்பல்லை இழந்து திரும்பியவர், கடைசியாக மாமா. எல்லாம் தாய்வழிப் பெரியவர்கள். அவர்களில் மாமா உட்பட ஏழு பேர் கையில் ஒரே கடிகாரம். மாஸ்டர் பெப்ராவின் ஸ்டுடியோவில் படத்துக்காக இரவல் தரும் கடிகாரம் அது. மூன்று நாற்பதில் நின்றுபோனது. எங்கள் குடும்பத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் சரியாக மூன்று நாற்பதுக்குத்தான் படம் எடுத்துக்கொள்வார்கள் என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன்.

குடும்பக் கூட்டத்தில் மாமா அறிவித்தார். என் படத்தையும் அந்தச் சுவரில், அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமாம். நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறேன் என்றபோது, "மீன் எண்ணத் தெரியுதுல்ல, அது போதும்" என்று சொன்ன அதே மாமா. என் பள்ளிக் கட்டணத்துக்கு அவர் பையிலிருந்து ஒரு காசு வரவில்லை. எல்லாம் அம்மாவின் கருவாட்டுக் கடையிலிருந்து வந்தது. இதை நான் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருப்பேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மாமா மனம் மாறுவதற்குள், அன்று சாயங்காலமே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போய், மாமா படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில் அம்மாவே ஆணியை அடித்துவிட்டு வந்தாள். ஒன்பது நாளில், முன்னோரை வணங்கும் அக்வசிடே ஞாயிறு. குடும்பம் முழுக்க அங்கே கூடும். அதற்குள் ஆணியில் படம் தொங்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கும் வேண்டியிருந்தது. பதினோரு ஆண்கள் இருக்கிற சுவரில் எனக்கென்று ஓர் ஆணி. நான் நானாகவே அங்கே தொங்க வேண்டும், அவ்வளவுதான்.

மாஸ்டர் பெப்ராவின் ஸ்டுடியோ அசாஃபோவில் இருக்கிறது. வாசலுக்கு மேல் 'அவசரப்படாதே போட்டோ' என்று எழுதியிருக்கும். மாஸ்டர் குள்ளம், உருண்டை. அவர் கழுத்திலேயே நாலு மடிப்பு.

"உக்காரு, டிகிரி" என்றார்.

"என் பேரு டுஃபியே."

"தெரியும். உனக்குப் பேர் வச்ச அன்னைக்குப் படம் எடுத்ததே நான்தான். பொறந்த எட்டாம் நாள். அன்னைக்கும் இப்படித்தான் முறைச்ச."

கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் பல்கலைக்கழகத்தின் இரவல். அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும். அங்கியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டேன்.

"காலை இறக்கு."

"ஏன்?"

"இந்தப் படம் எங்க தொங்கப்போவுது? உங்க மாமா பக்கத்துல. பெரியவங்க பதினோரு பேர் முன்னாடி கால்மேல கால் போட்டு உக்காருவியா?"

"அவங்க படத்துல இருக்காங்க, மாஸ்டர்."

"நீயும் படத்துலதான் இருக்கப்போற."

காலை இறக்கினேன். இடது கைமேல் வலது கையை வைக்கச் சொன்னார். முகத்தைத் திருப்பச் சொன்னார். நான் திருப்பியதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் காலண்டர். உங்க மாமாவுக்கு முதுகைக் காட்டிட்டுக் காலம் பூரா காலண்டரைப் பாத்துட்டு இருக்கப்போறியா? இந்தப் பக்கம் திரும்பு."

சுவரில் தொங்கும் படத்துக்கு இத்தனை சட்டம் உண்டு என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மாமா பக்கம் திரும்பினேன். மாஸ்டர் இரண்டு விளக்குகளையும் எனக்கு நேர் எதிரே உருட்டிக்கொண்டு வந்து, ஒன்றை அரை அங்குலம் நகர்த்துவார், யோசிப்பார், திரும்ப அரை அங்குலம் நகர்த்துவார். அலுத்துப்போய் மோவாயை உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டேன்.

வாசலில் நின்றிருந்த அம்மாவின் குரல் வந்தது. "கையை எடுடி. நான் இன்னும் சாகல."

"பெத்தவளைப் பறிகொடுத்தவ உக்கார்ற மாதிரி உக்காந்தா, மாட்டுற அன்னைக்கே வீட்டுக்கு எல்லாரும் துக்கம் கேக்க வந்துடுவாங்க" என்றார் மாஸ்டர். "நிமிரு."

நிமிர்ந்தேன். மோவாயை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினேன். இரண்டு படம் எடுத்தார்.

புதன்கிழமை போனபோது மாஸ்டர் ஒரு படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். முகம் என்னுடையது. நேர் வெளிச்சத்தில் மேடு பள்ளம் எதுவும் இல்லாமல் மாவு பூசின மாதிரி இருந்தாலும் என்னுடையதுதான். கீழே, அங்கியின் கழுத்துப் பட்டைக்கு மேலே, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி மூன்று கோடு.

"இது யார் கழுத்து?" என்றேன்.

"உன்னோடது. கொஞ்சம் வசதியா."

"எனக்குக் கோடு கிடையாது."

"தெரியும். அதனாலதான் போட்டேன். நெகட்டிவ்ல கைவேலை பண்ணணும். அது பெரிய நுணுக்கம். மாஜிஸ்திரேட் சம்சாரத்துக்கு மூணு போட்டேன். உபதேசியார் சம்சாரத்துக்கு மூணு. லாரி யூனியன் தலைவரோட ரெண்டாவது சம்சாரம் நாலு கேட்டுது. நாலு போட்டா கழலைன்னு நினைப்பாங்க, மூணோட நிறுத்திக்கோன்னேன். யார்கிட்டயும் இதுக்குத் தனியா வாங்கினதில்ல. கழுத்து இலவசம்."

"பொய்க் கழுத்து எனக்கு வேண்டாம்."

"பொய் இல்ல டிகிரி. மரியாதை."

"அந்த நெகட்டிவைக் குடுங்க."

என்னமோ பார்க்கக் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தார். மேசையில் கத்தரிக்கோல் இருந்தது. நான்கு துண்டாக வெட்டி வைத்தேன். மாஸ்டர் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோபத்துக்கு நல்லா வெட்டத் தெரியுது. ஒட்டத் தெரியுமா?"

"இன்னொரு நெகட்டிவ் இருக்குல்ல. அதுல கை வைக்காம பிரிண்ட் போடுங்க."

போட்டுக் கொடுத்தார். ஈரம் காய்ந்ததும் எடுத்துக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போனேன். வெற்றி பெற்றவள் மாதிரிதான் நடந்தேன் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் கடைக்கு நேர் எதிரே அச்சியா மாமியின் கடை. அடுசே மாமாவின் மனைவி. இருபது வருடமாக அவர்கள் இருவரும் ஒரே மீனை, ஒரே விலைக்கு, எதிரெதிரே உட்கார்ந்து விற்கிறார்கள். கேலி செய்ய ஆள் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்குவதற்குள் மாமி எழுந்து வந்துவிட்டாள்.

"காட்டு நாத்தனாரே, நானும் பாக்கறேன்." படத்தைக் கை எட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "தொப்பி அழகு. அங்கி அழகு. கழுத்து..." படத்தை இன்னும் தள்ளிப் பிடித்தாள். "புள்ள இத்தனை வருஷமா புஸ்தகத்தை மட்டும்தான் தின்னுச்சா?"

"உங்க கழுத்தைப் பாத்துப் பயந்துட்டா அண்ணி" என்றாள் அம்மா. "அதான் பாதியிலேயே நிறுத்திக்கிட்டா."

பக்கத்துக் கடைகள் சிரித்தன. மாமியும் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். படம் வாங்கியது நான், பார்த்தது அவர்கள், சிரித்தாயிற்று. அம்மா படத்தைச் செய்தித்தாளில் சுற்றி, மீன் படாத மூலையில் வைத்தாள்.

வியாழக்கிழமை மாமா வீட்டுக் கூடத்தைக் கடந்துபோனேன். ஆணியைக் காணவில்லை. சுவரில் ஓட்டை மட்டும் இருந்தது.

அம்மாவிடம் ஓடினேன். அவள் தட்டில் மீனைப் புரட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆணி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. மறைக்கக்கூட இல்லை.

"அடுத்த தடவை மாட்டிக்கலாம்" என்றாள்.

"எந்த அடுத்த தடவை?"

"நாப்பத்து ரெண்டு நாள்ல இன்னொரு அக்வசிடே வரும்ல."

"இந்த ஞாயிறுக்கு என்ன கேடு?"

அம்மா ஒரு மீனை எடுத்துத் தலையைத் திருப்பி வைத்தாள். அப்புறம் அடுத்த மீனை.

"அந்தப் படத்துல நீ உன்னைப் பாக்குற. மத்தவங்க என்னைத்தான் பாப்பாங்க. ஒம்போது வருஷம் பீஸ் கட்டினேன். பீஸ் கட்டினது சுவத்துல தெரியுமா? கழுத்துதான் தெரியும். சபோமா புள்ளைக்குப் புஸ்தகம் வாங்கிக் குடுத்தா, சோறு போட்டாளான்னு கேப்பாங்க. பதினோரு ஆம்பளைங்களுக்கு நடுவுல, நான் பட்டினி போட்ட புள்ளைன்னு எழுதி மாட்டணுமா?"

"நீ பட்டினி போடல. நான்தான் ஒல்லி."

"சரி. ஞாயித்துக்கிழமை அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல நின்னு வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைச் சொல்றியா? நானும் கூட நிக்கறேன்."

பேராசிரியர்களிடம் வாதம் செய்து ஜெயித்திருக்கிறேன். ஒரு மீன் தட்டிடம் தோற்றுப்போனேன். மாமியின் கேலிக்கு அவள் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதே அது எங்கே பட்டது என்று காட்டியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. படித்தது ஒளி, பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை.

கோபத்தை விழுங்க இரண்டு நாள் ஆனது. நடுவில் வெள்ளிக்கிழமை அங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ஸ்டுடியோவுக்குப் போனபோது மாஸ்டர் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, தோளில் சின்னக் கேமராவுடன் கிளம்பிக்கொண்டிருந்தார். குமாசியில் சனிக்கிழமை செத்தவர்களுடையது. படம் எடுப்பவர்களுக்கு அன்று உட்கார நேரமிருக்காது.

"மாஸ்டர், கோடு போடணும்."

"எங்க?"

"கழுத்துல."

"யார் கழுத்துல?"

"என் கழுத்துலதான்."

மாஸ்டர் கேமராவை இறக்கி வைத்தார். இந்தச் சந்தோஷத்துக்கு அவர் சாவு வீட்டைக் காக்கவைக்கத் தயாராக இருந்தார்.

"புதன்கிழமை அது பொய்யா இருந்துச்சே. சனிக்கிழமை என்ன ஆச்சு?"

"சனிக்கிழமையும் பொய்தான். போடுங்க."

"மூணா?"

"மூணு."

"வந்து போடறேன். ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன். இங்கேயே உக்காரு. எதையும் தொடாத."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜன்னல் ஓரத்தில், சாய்வாக நிறுத்திய கண்ணாடி மேசையில் என் நெகட்டிவ் இருந்தது. பக்கத்தில் கூர் சீவிய பென்சில்களும் சின்னக் கத்தியும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் மூன்று வளைகோடு. இதில் என்ன பெரிய நுணுக்கம்? நெகட்டிவில் என் கழுத்து வெளிறித் தெரிந்தது. அதில் பென்சிலால் ஒரு கறுப்புக் கோடு போட்டுப் பார்த்தேன். அருமையாக இருந்தது. அருமையாக இருந்ததும் மூளை வேலையை நிறுத்திவிட்டது. மற்ற இரண்டையும் அழுத்தமாகவே போட்டேன்.

இரண்டு மணிக்கு மாஸ்டர் வந்தார். மேசையைப் பார்த்தார். என்னை இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போய், காகிதத்தை மருந்துத் தொட்டியில் போட்டார். சிவப்பு வெளிச்சத்தில் என் முகம் மெல்ல எழுந்து வந்தது. தொப்பி வந்தது. அங்கி வந்தது. கழுத்தில் பளிச்சென்று மூன்று வெள்ளைக் கோடு வந்தது.

"கினிக்கோழி" என்றார் மாஸ்டர். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த கோழி அது.

நெகட்டிவில் கறுப்பு போட்டால் படத்தில் வெள்ளையாகத்தான் விழும். கறுப்புக் கோடு வேண்டுமென்றால் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். அறிவியல் தெரியாத என் பக்கத்து வீட்டுக்காரியிடம் கூட இதை நான் ஒரு நாள் விளக்கியிருக்கிறேன்.

மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து, துக்கத் துணி தோளிலிருந்து நழுவும் வரை சிரித்தார்.

"எந்த வருஷம் பாஸ் பண்ண?"

"இந்த வருஷம்."

"வெளிச்சத்தைப் பத்திப் பாடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அன்னைக்கு லீவா?"

"துடைச்சுட்டு நீங்க போடுங்க மாஸ்டர்."

நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "வரைஞ்சிருந்தா துடைக்கலாம். நீ உழுதிருக்க. பூச்சே பேந்துபோச்சு."

ஒன்று நாலு துண்டு. இன்னொன்று உழுத வயல். அங்கி போய்விட்டது. மணி இரண்டரை. மறுநாள் ஞாயிறு.

"புதுசா எடுத்து, நீங்க கோடு போட்டுடுங்க" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

"எடுக்கலாம். கோடு ஆகாது." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. "செத்தவர் நல்ல மனுஷன். வீட்டுக்காரங்க ஜின்னை நிறுத்தவே இல்ல. இந்தக் கையில கத்தியைக் குடுத்தா கோடு கழுத்தோட நிக்காது. காது வரைக்கும் போயிடும்."

அம்மாவுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு வாசலில் நின்றேன். அழவில்லை. தெருவைத் திட்டிக்கொண்டிருந்தேன். நடுப்பகலில் நான் எட்டிப் பார்த்தபோது வெயில் உச்சியில் நின்றது. செம்மண் தெரு தட்டையாகக் கிடந்தது. இப்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. செருப்புத் தடம் ஒவ்வொன்றும் பள்ளமாகத் தெரிந்தது. அதே தெரு.

உள்ளே ஓடினேன்.

"மாஸ்டர், விளக்கு ரெண்டும் நேரா இருக்கு. அதனாலதான் ஒண்ணுமே தெரியல. நீங்களே எல்லாத்தையும் அழிச்சுட்டு அப்புறம் நீங்களே சுரண்டி வரையறீங்க. ஒரு விளக்கை அணைங்க. இன்னொண்ணு பக்கவாட்டுல, மேல இருந்து வரட்டும். சின்ன மடிப்பு இருந்தாலும் நிழல் விழும்."

"பாதி முகம் ராத்திரி ஆயிடும். உங்க மாமா பாதி மருமகளுக்கா இடம் குடுத்தாரு?"

"இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி விடணும். வெள்ளைத் துணி, தகரம், ஏதாவது இருக்கா?"

அவர் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்தாள். கடையைப் பாதியில் மூடிவிட்டு, அலுமினியத் தட்டைத் தலையில் வைத்தபடி. தட்டுக்குள் அவளுடைய நல்ல துணி ஒன்று மடித்து இருந்தது. அந்தத் தட்டை தினமும் சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்ப்பாள். அதன் அடிப்பக்கத்தில் வெயில் பட்டு ஸ்டுடியோ சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் ஓடியது. மாஸ்டரும் நானும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

அங்கி இல்லாததால் அம்மாவின் துணியை மார்போடு சுற்றிக்கட்டி, தோளும் கழுத்தும் தெரிய உட்கார்ந்தேன். பட்டச் சுருளை மடியில் வைத்து, இடது கைமேல் வலது கை. கால் தரையில். விளக்கு மாமா பக்கம், உயரத்தில். தட்டு காலண்டர் பக்கம், அம்மாவின் இரண்டு கையிலும். தட்டிலிருந்து வெளிச்சம் வந்து என் கன்னத்தில் விழுந்தது. கூடவே வாசனையும் வந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா என்னென்னமோ வாசனை பூசிக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்காங்க" என்றார் மாஸ்டர், மரக்கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி. "கருவாடு இதுதான் முதல் தடவை."

"கோடு தெரியுதா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு இருந்துச்சு. பறந்துபோச்சு. கொசு."

தலையை வெளியே எடுத்தார். "விளக்கு சரியாத்தான் இருக்கு டிகிரி, ஒத்துக்கறேன். தப்பு உன் மோவாய்ல. அதை ஏன் கூரைக்குக் காட்டிட்டு இருக்க? இறக்கு."

இறக்கினேன்.

"இப்ப காசைத் தொலைச்சவ தேடற மாதிரி இருக்கு. குனியாத. முகம் அப்படியே இருக்கட்டும், மோவாயை மட்டும் உள்ள இழு. ஆமை மாதிரி."

இழுத்தேன்.

"இப்ப வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

பத்துத் தடவை இழுத்திருப்பேன். விளக்குச் சூட்டில் முதுகு நனைந்துவிட்டது. "கோடு வரமாட்டேங்குது, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தட்டுக்குப் பின்னாலிருந்து அம்மா பேசினாள்.

"அந்தக் கினிக்கோழி கதை என்ன மாஸ்டர்? வர்ற வழியில யாரோ சொன்னாங்க. நான் சரியாக் கேக்கல."

"யாரோ சொன்னாங்களா? நான்தான் தெரு பூரா சொன்னேன். உம் பொண்ணு வெளிச்சத்துல டிகிரி வாங்கியிருக்கா சபோமா. கறுப்பு எது, வெள்ளை எதுன்னு அடுத்த டிகிரியில சொல்லித் தருவாங்களாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அது சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றாள் அம்மா. "நாலு வயசு. மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைச்சுட்டு, வெளிச்சம் எங்க போச்சுன்னு கட்டிலுக்கு அடியில படுத்துத் தேடினா. எவ்வளவு கூப்பிட்டும் வெளிய வரல. இன்னும் அங்கதான் இருக்காளோ என்னமோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். நான் கோபமாக இருந்தேன்; இந்தச் சுவர்மேல், மாமாமேல், கழுத்தை எண்ணுகிற ஊர்மேல், எல்லாவற்றுக்கும் மேல் பென்சில்மேல். அந்தக் கோபத்தைச் சிரித்துத் தொலைக்க எனக்கு விருப்பமில்லை. உதட்டை இறுக்கினேன். சிரிப்பு தொண்டை வரை வந்து முட்டியது. அதை உள்ளே தள்ளியபோது மோவாய் தானாகவே பின்னால் போயிற்று.

"அசையாத" என்றார் மாஸ்டர். குரலில் ஜின் இல்லை. "சபோமா, தட்டைக் கொஞ்சம் தூக்கு. இன்னும். ஒண்ணு வந்துருச்சு. ரெண்டு. ரெண்டு நிக்குது."

"மூணாவது?"

"இன்னும் ஒரு கதை சொல்லு."

அம்மாவிடம் இன்னும் நூறு கதை இருக்கும். தட்டின் விளிம்புக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போதும்" என்றாள். "எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அம்மா பழைய ஓட்டையில் சவர்க்காரத் துண்டை அடைத்து, அதே ஆணியை அதே கல்லால் அடித்தாள். உள்முற்றத்தில் ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கும் சத்தத்தோடு அந்தச் சத்தமும் சேர்ந்துபோனது. படம் ஏறியது. தோள் ஒரு பக்கம் மின்ன, மறுபக்கம் மெல்லிய நிழலில், உதட்டை இறுக்கிக்கொண்டு நான். கழுத்தில் இரண்டு மடிப்பு, வளைந்து, ஒன்று கொஞ்சம் கோணலாக.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். என் படத்தைப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்தார். திரும்ப என் படத்தைப் பார்த்தார்.

"இவ எதைப் பாத்துச் சிரிக்கிறா?"

மாமாவுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று மாஸ்டர் என்னைத் திருப்பி உட்காரவைத்தது சரிதான். ஆனால் முகம் எங்கே திரும்பினால் கண் எங்கே போய் விழும் என்று நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. சட்டத்துக்குள் இருந்த நான், பக்கத்துச் சட்டத்துக்குள் இருந்த மாமாவின் மணிக்கட்டைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"சிரிக்கல அண்ணே" என்றாள் அம்மா. "பெரியவங்க முன்னாடி தலையை உள்ள இழுத்திருக்கா. மரியாதை."

"என் கையைப் பாக்கற மாதிரி இருக்கே."

"கடிகாரத்தைப் பாக்கறா. படிச்ச புள்ளை, நேரம் பாப்பா."

மாமா இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் நான் மூன்று நாற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலண்டருக்கு அந்தப் பக்கம் மாத்திடலாமா?" என்றார்.

"அங்க சுவரு உதிருது அண்ணே. ஆணி நிக்காது." அம்மா இதை யோசிக்காமல் சொன்னாள். அந்த இடத்தை அவள் ஏற்கெனவே கல்லால் தட்டிப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். போகும்போது கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார்.

அடுத்து அச்சியா மாமி வந்தாள். இதற்காகத்தான் வந்திருந்தாள். சுட்டு விரலை நீட்டி என் கழுத்தை எண்ணினாள். இரண்டாவது தடவையும் எண்ணினாள்.

"ரெண்டுதான் இருக்கு நாத்தனாரே. பெப்ரா யாருக்கும் மூணுக்குக் குறைச்சுப் போடமாட்டானே. எனக்கெல்லாம் மூணு போட்டான். இதுக்கு மறந்துட்டானா?"

அம்மா சட்டத்தின் மூலையைப் புறங்கையால் துடைத்தாள்.

"பெப்ரா போட்டது ஒண்ணும் இல்ல அண்ணி. ரெண்டும் அவளோடது."

மாமி படத்துக்கு இன்னும் பக்கத்தில் போனாள். கண்ணாடிமேல் விரலை வைத்து, சுரண்டின தடம் எங்காவது தெரிகிறதா என்று தேடினாள். வெகு நேரம் தேடினாள். அப்புறம் விரலை எடுத்து, மோவாயை லேசாக உள்ளே இழுத்து, தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.